412 சேம்பர்ஸ் முடிச்சாச்சு, ட்விஸ்டட் போ இன்னும் வரல. அயர்ன்மேன் ஆடுறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

மெழுகுவத்தி:
எல்லாருக்கும் வணக்கம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆடுறவங்க இங்க கொஞ்ச பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் இங்கயே கேக்குறேன். என்னோடது அயர்ன்மேன் அக்கவுண்ட். தெரியாதவங்களுக்காக சொல்றேன், யார்கிட்டயும் எதையும் வாங்க முடியாது, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் பக்கமே போக முடியாது, வேணுங்கிறத நாமளே அடிச்சு எடுக்கணும்.

போன வருஷத்துல இருந்து சேம்பர்ஸ் ஆஃப் ஸெரிக்ங்கிற ரெய்ட (அறை அறையா தாண்டி கடைசியில ஓல்ம்ங்கிற பெரிய பாஸ அடிக்கணும்) தனியா ஓடிட்டு இருக்கேன், அதுல வர்ற ட்விஸ்டட் போங்கிற அபூர்வமான வில்லுக்காக. வேலை முடிஞ்சு வந்து பையன தூங்க வெச்சுட்டு ராத்திரி ரெண்டு ரெய்டு, லீவு நாள்ல நாலு அஞ்சு. ஒரு ரெய்டு 35 நிமிஷம் ஆகும், பாயிண்ட்ஸ் 30,000 பக்கம் வரும். நேத்தோட 412. பர்ப்பிள் (பெட்டியில அபூர்வ பொருள் இருந்தா வர்ற ஊதா வெளிச்சம்) 13 தடவ வந்துச்சு, அதுல 9 ப்ரேயர் ஸ்க்ரோல்தான் (படிச்சா புது ப்ரேயர் கிடைக்கும்). டெக்ஸ்ட்ரஸ் 5, ஆர்கேன் 4. முதல் ஒண்ண படிச்சு ரிகர், ஆகுரி ரெண்டும் கத்துக்கிட்டதுக்கு அப்புறம் மிச்சத்த வெச்சு நான் என்ன பண்றது, விக்கவும் முடியாது. மத்தது ஒரு பல்வார்க், ஒரு பக்லர், ஆன்செஸ்ட்ரல் தொப்பி, டிராகன் க்ளாஸ். போ மட்டும் இல்ல.

என் கூட ஆடுற ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு 11ஆவது ரெய்டுல வந்துச்சு. அவனுக்கு வந்ததுல சந்தோஷம்தான், பொய் சொல்லல. ஆனா ஓல்ம் விழுந்து அந்த கிரிஸ்டல் தடுப்பு மறைஞ்சு வெளிச்சம் மேல கிளம்புற அந்த ஒரு செகண்ட் இருக்கே, வெள்ளையா இருந்தா இப்பல்லாம் நெஞ்சுல பாரமா இருக்கு, பர்ப்பிளா இருந்தாலும் "மறுபடி ஸ்க்ரோல்தானோ"ன்னு பயமா இருக்கு. முன்னாடி இப்படி இல்ல.

மூணு விஷயம் கேக்கணும். என் அக்கவுண்ட்ல ஏதாவது கோளாறு இருக்குமா? தனியா ஓடாம டீமா ஓடினா சான்ஸ் கூடுமா? அப்புறம், போ கையில வந்த பிறகுதான் இன்ஃபெர்னோ (அலை அலையா வர்ற எதிரிகள தனியா தாண்டுற சவால்) போகணும்னு வெச்சிருக்கேன், அது சரிதானா? போஃபா (போ ஆஃப் ஃபேர்தினென், இன்னொரு நல்ல வில்) இருக்கு, கிரிஸ்டல் ஆர்மர் முழு செட்டும் இருக்கு (அந்த வில்லுக்கு வேண்டிய என்ஹான்ஸ்ட் சீடு கரப்டட் கான்ட்லெட்ங்கிற சவால்ல 611ஆவது ரன்ல வந்துச்சு, அதுவும் ஒரு பெரிய கதை).

தறிநாடா:
ப்ரோ முதல்ல ஒண்ணு, உங்க அக்கவுண்ட்ல எந்தக் கோளாறும் இல்ல. நீங்க போட்டிருக்கிற நம்பரையே வெச்சு கணக்கு போட்டுப் பார்த்தேன், பாருங்க.

சேம்பர்ஸ்ல 8,676 பாயிண்ட்டுக்கு 1 சதவீதம் பர்ப்பிள் சான்ஸ். நீங்க எடுக்குற 30,000க்கு கிட்டத்தட்ட 3.46 சதவீதம், அதாவது சராசரியா 29 ரெய்டுக்கு ஒரு பர்ப்பிள். 412ஐ 29ஆல வகுத்தா 14. உங்களுக்கு வந்தது 13. அப்படியே கணக்குப்படிதான் போயிட்டு இருக்கீங்க.

அடுத்தது பர்ப்பிள் வந்தா அது என்ன பொருள்ங்கிறது. மொத்தம் 69 பங்கு. அதுல டெக்ஸ்ட்ரஸ் 20, ஆர்கேன் 20, இந்த ரெண்டுமே பாதிக்கு மேல சாப்பிட்டுடும். ட்விஸ்டட் போவுக்கு 2 பங்குதான், எல்டர் மால், கொடாய் இன்சிக்னியாவுக்கும் அதே 2. 13 பர்ப்பிள்ல 7, 8 ஸ்க்ரோல் வர்றது இயல்பு, உங்களுக்கு 9 வந்திருக்கு, ஒண்ணு ரெண்டு கூட அவ்வளவுதான்.

ரெண்டையும் பெருக்கினா உங்க ஓட்டத்துக்கு ஒரு ரெய்டுல போ வர்ற சான்ஸ் ஏறக்குறைய ஆயிரத்துல ஒண்ணு. 412 ரெய்டு முடிச்ச மூணு பேர வரிசையா நிக்க வெச்சா அதுல ரெண்டு பேர்கிட்ட போ இருக்காது. நீங்க அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர், அவ்வளவுதான், இதுக்குப் பேரு ட்ரை (சராசரிய தாண்டியும் பொருள் வராம போறது) இல்ல. ஆயிரம் முடிச்சவங்கள்லயே நூத்துக்கு 37 பேருக்கு வந்திருக்காது. நிறைய பேர் "ஆயிரத்துல ஒண்ணுன்னா ஆயிரமாவதுல வந்துடும்"னு நெனச்சுட்டு ஓடுறாங்க, கென்ஷின் இம்பாக்ட் கேம்ல 90ஆவது விஷ்ல கண்டிப்பா அஞ்சு ஸ்டார் வரும்ங்கிற மாதிரி உத்தரவாதம் இங்க கிடையாது, நாளைக்கு நீங்க ஓடப்போற 413ஆவது ரெய்டுக்கு முந்தின 412 பத்தி எதுவும் தெரியாது. அதுக்கு மறுபடி அதே ஆயிரத்துல ஒண்ணுதான்.

உண்மையில நீங்க ட்ரை போனது கான்ட்லெட்லதான். அங்க சீடு 400ல 1, 611 வரைக்கும் வராம போறது அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு நடக்குறது. அதையே பொறுத்து எடுத்திருக்கீங்க.

டீம் விஷயம்: டீம்ல எல்லார் பாயிண்ட்டும் ஒண்ணா சேரும், பர்ப்பிள் வருமாங்கிறது அந்த மொத்தத்த வெச்சு, யாருக்குங்கிறது அவங்கவங்க பங்க வெச்சு. அதனால ஒரு பாயிண்ட்டுக்கு உங்களுக்கு இருக்குற சான்ஸ் மாறவே மாறாது. மாறக்கூடியது ஒரு மணி நேரத்துக்கு எத்தன பாயிண்ட்ங்கிறதுதான். தனியா 35 நிமிஷம் எடுக்குறத 28க்கு கொண்டு வந்தீங்கன்னா அதே ராத்திரியில கால் பங்கு சான்ஸ் கூடிடும். அப்புறம் சாகாதீங்க, ஒரு தடவ செத்தா உங்க பாயிண்ட்ல 40 சதவீதம் போயிடும், 30,000 அப்படியே 18,000 ஆயிடும்.

குட்டிப்புலி07:
நான் வேர்ல்டு (சர்வர்) மாத்தி மாத்தி ஓடுவேன், ரெண்டு நாள் கேப் விட்டு போனா வரும்னு எங்க க்ளான்ல சொல்வாங்க, எனக்கு அப்படித்தான் கொடாய் வந்துச்சு. ட்ரை பண்ணிப் பாருங்க அண்ணா.

தறிநாடா:
தம்பி அது தற்செயல்பா. வேர்ல்டுக்கும் ட்ராப்புக்கும் சம்பந்தமே இல்ல. கேப் விடுறது நல்லதுதான், மனசுக்கு நல்லது.

கடலோடி_அயர்ன்:
தம்பி, உங்கட பதிவை ரெண்டு தரம் வாசிச்சன். நானும் அயர்ன்மேன் தான், 2014இல அந்த மோட் வந்த காலத்திலயிருந்து விளையாடுறன். எனக்கு போ வந்தது 1,340ஆவது ரெய்டில. தறிநாடா சொன்ன கணக்குப்படி பாத்தா நாலு பேரில ஒராளுக்கு இப்பிடி நடக்கும், ஆனா அந்த ஒராளா இருக்கேக்க கணக்கு ஒண்டும் ஆறுதல் தராது, அது எனக்கு நல்லா விளங்குது.

வந்த அண்டைக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுறன். ஓல்ம் விழுந்திட்டுது, நான் வெளிச்சத்தைப் பாக்கவே இல்லை, பாக்கிறதை எப்பவோ விட்டிட்டன். பக்கத்தில தேத்தண்ணி வைச்சிருந்தனான், அதைக் குடிச்சுக்கொண்டு பெட்டியைக் கிளிக் பண்ணினன், உள்ள போ கிடக்குது. கொஞ்ச நேரம் அப்பிடியே பாத்துக்கொண்டு இருந்தன். மகள் வந்து "அப்பா என்ன நடந்தது" எண்டு கேட்டவள், எனக்கு உடன சொல்லத் தெரியேல்லை.

நான் உங்களுக்கு சொல்ல வாறது இதுதான். 600க்கும் 900க்கும் இடையில நான் ஒரு ரெய்டையும் ரசிக்கேல்லை. ஒவ்வொரு நாளும் கடமை மாதிரி. பிறகு நாலு மாசம் விட்டிட்டுப் போய் வேற விளையாட்டு விளையாடி, திரும்பி வந்து ஓல்மை நாலுக்கு ஒண்டு முறையில (நாங்கள் நாலு தரம் அடிக்கேக்க அது ஒரு தரம் மட்டும் அடிக்கும்) அடிக்கப் பழகினன். அதின்ர தலையைத் திருப்ப வைச்சு, அடி குறைவாப் பட்டு, சரியான கணக்கில நகர்ந்து நகர்ந்து அடிக்கிறது. அது பிடிபட்ட பிறகு ரெய்டே வேற மாதிரி ஆகிட்டுது, இண்டைக்கு எத்தனை சுத்து பிழை இல்லாமல் ஓடினன் எண்டதுதான் எனக்குக் கணக்கு. போ வரேக்க அது மேலதிகமா வந்தது போலத்தான் இருந்தது. உங்களுக்கும் இப்ப வெள்ளை வெளிச்சம் நெஞ்சில பாரமா இருக்குது எண்டால் கொஞ்ச நாள் நிப்பாட்டுங்கோ. சேம்பர்ஸ் எங்கயும் ஓடிப் போகாது, 2017இலயிருந்து அங்கதான் கிடக்குது.

வெள்ளாவி:
உங்க மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன், ஏன்னா எனக்கு அதுதான் முக்கியமா படுது.

போ வந்த பிறகுதான் இன்ஃபெர்னோன்னு தயவு செஞ்சு வெச்சுக்காதீங்க. போஃபா, கிரிஸ்டல் செட்டு கையில இருக்கு, அது போதும், தாராளமா போதும். நானும் அப்படித்தான் எடுத்தேன். மொத்த கேம்லயும் பெரிய பரிசுன்னு சொல்றதுல பாதி பெட்டிக்குள்ள என்ன இருக்குங்கிற அதிர்ஷ்டம்தான், ஆனா இன்ஃபெர்னல் கேப் அப்படி இல்ல, கடைசி பாஸ் ஸுக்க கொன்னா கேப், அதுல ஆயிரத்துல ஒண்ணு கிடையாது, விக்கவும் முடியாது வாங்கவும் முடியாது. மெலீ ஸ்ட்ரெங்த் ஃபயர் கேப்புக்கு 4, இதுக்கு 8. நீங்க 412 ரெய்டு, சுமார் 240 மணி நேரம் போட்டிருக்கீங்க, அதுல பாதிய இங்க போட்டிருந்தா இன்னிக்கு முதுகுல கேப் இருந்திருக்கும்னு நான் நம்புறேன்.

உள்ள போக ஒரு ஃபயர் கேப்ப பலி குடுக்கணும், ஒரே தடவதான். 69 வேவ். முதல் தடவ பயமா இருக்கும், வேவ் 18ல ரேஞ்சர் (தூரத்துல இருந்து எறிஞ்சு அடிக்கிறது) வரும்போதும் 35ல மேஜர் (மேஜிக்ல அடிக்கிறது) வரும்போதும் நிறைய பேர் சாவாங்க, செத்துதான் கத்துக்கணும், வேற வழியில்ல. மேஜர் செத்துப் போனதையெல்லாம் மறுபடி எழுப்பி விடும், அதனால அத முதல்ல முடிச்சுடுங்க. கிட்டத்தட்ட ஒவ்வொரு வேவ் தொடக்கத்துலயும் மூணு நிப்ளர் (குட்டி எதிரி) வந்து நீங்க மறைஞ்சு நிக்கிற தூண கடிக்கும், ஐஸ் பராஜ் மந்திரம் ஒண்ணு போட்டு அத முடிங்க, தூண் இருந்தாத்தான் ஒவ்வொண்ணா பிரிச்சு அடிக்க முடியும்.

68ஆவது வேவ்ல மூணு ஜாட் (பெரிய பாஸ்). எல்லாரும் இதுக்குத்தான் நடுங்குவாங்க, ஆனா மூணும் ஒரே நேரத்துல அடிக்காது, ஒண்ணு மாத்தி ஒண்ணு 3 டிக் இடைவெளி, அதாவது 1.8 செகண்ட். முன்காலைத் தூக்கி தரையில ஓங்கி மிதிச்சா ரேஞ்ச், பின்காலை ஊன்றி நிமிர்ந்தா மேஜிக். அதுக்கேத்த காப்பு ப்ரேயர வாய்விட்டு சொல்லிக்கிட்டே மாத்துங்க, நான் "ரேஞ்ச், மேஜ், மேஜ்"னு சத்தமா சொல்லித்தான் தாண்டினேன்.

கடைசி ஸுக், 1,200 உயிர். முன்னாடி ஒரு கவசம் இடமும் வலமுமா நகர்ந்துட்டே இருக்கும், நீங்க அது பின்னாடியே நடக்கணும், வெளிய ஒரு அடி வெச்சா ஒரே அடியில 251 வரைக்கும் போகும், அவ்வளவுதான் கதை முடிஞ்சுது. 3 நிமிஷம் 30 செகண்டுக்கு ஒரு தடவ ஒரு ரேஞ்சரும் மேஜரும் வந்து கவசத்த அடிக்கும், அத உங்க பக்கம் இழுங்க. ஸுக்கோட உயிர் 480க்கு வந்ததும் ஜாட் ஒண்ணு, 240ல நாலு ஹீலர் (ஸுக்க குணப்படுத்துறதுங்க). அந்த 240ல கை நடுங்கும் பாருங்க, எனக்கு மவுஸே வழுக்கிடுச்சு, வேர்வை. மூணு தடவ அங்கயே செத்தேன். நாலாவது தடவ செத்தது ஸுக்.

பிங் (சர்வருக்குப் போய் வர்ற தாமதம்) பத்தி ஒண்ணு. இங்க இருந்து ஜெர்மனி, யூகே வேர்ல்டுக்கு எனக்கு 150, 160 மில்லிசெகண்ட் காட்டும். ஒரு டிக் 0.6 செகண்ட், அதனால அந்த பிங்லயும் ஆட முடியும், கொஞ்சம் முந்தியே கிளிக் பண்ணப் பழகணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, யாராவது "காசு குடுங்க, நாங்க உள்ள போய் கேப் எடுத்துத் தர்றோம்"னு வந்தா கிட்டயே சேர்க்காதீங்க. என் காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன் அப்படி பாஸ்வேர்ட குடுத்தான். ரெண்டு நாள்ல அக்கவுண்ட்டும் போச்சு, ஆறு வருஷ உழைப்பு. அக்கவுண்ட்ட அடுத்தவங்க கையில குடுக்குறது விதிப்படியே தப்பு, அதனால போய் முறையிடவும் அவனுக்கு வாய் வரல. அவன் அதுக்கப்புறம் கேம் பக்கமே வரல, எனக்கு இன்னமும் வருத்தம்.

மெழுகுவத்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நெசமா சொல்றேன், மூணு பேர்ல ரெண்டு பேருக்கு இருக்காதுன்னு படிச்சதும் ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு. கடலோடி அண்ணா எழுதினத வீட்ல படிச்சுக் காட்டினேன்.

வெள்ளாவி அண்ணா சொன்னது கொஞ்சம் சுட்டுது, ஏன்னா உண்மை. போ இல்லாததால இன்ஃபெர்னோ போகலன்னு சொல்லிட்டு இருந்தேன், உள்ளுக்குள்ள செத்துடுவோம்ங்கிற பயம்தான். சனிக்கிழமை போனேன். முதல் தடவ வேவ் 24, அடுத்தது 37, நேத்து 49 வரைக்கும். ஃபயர் கேப் குடுக்கும்போதே கை கூசுச்சு.

ஒரு டவுட். அந்த ப்ளாப்ங்கிற எதிரி இருக்குல்ல, அதுக்கு மேஜிக் ப்ரேயர் போட்டா ரேஞ்ச்ல அடிக்குது, ரேஞ்ச் போட்டா மேஜிக்ல அடிக்குது, எதப் போட்டாலும் எனக்கு அடி விழுது. அப்புறம் நடுவுல பையன் முழிச்சுட்டா எந்திரிச்சுப் போக முடியுமா?

வெள்ளாவி:
49 மூணாவது தடவையிலயா, ரொம்ப நல்லா போறீங்க. ப்ளாப் உங்க ப்ரேயர முதல்ல பார்த்துக்கும், 3 டிக் கழிச்சுதான் அடிக்கும், அதுவும் பார்த்ததுக்கு நேர் எதிரா. அது பார்க்கும்போது மேஜிக் வெச்சிருங்க, அடிக்கிறதுக்குள்ள ரேஞ்சுக்கு மாத்திடுங்க, மறுபடி மேஜிக். மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிக்கிட்டு மாத்துங்க. செத்தா மூணு குட்டியா பிரியும், அதுங்கள விட்டுட்டு அடுத்தத பார்க்காதீங்க.

பையன் முழிச்சா லாக்அவுட் பட்டன ஒரு தடவ அழுத்திடுங்க, அந்த வேவ முடிச்சதும் அங்கயே நின்னுக்கும். திரும்ப வந்து லாகின் பண்ணா அடுத்த வேவ்ல இருந்து ஆரம்பிக்கும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க, அப்படித்தான் முடிச்சேன்.

கடலோடி_அயர்ன்:
ஸுக்கிட்ட போய்ச் சேரேக்க இங்க வந்து எழுதுங்கோ தம்பி, முதல் தரம் செத்தாலும் எழுதுங்கோ.