வெள்ளத்தில் நனைந்த வீடு, பாதிகூட வராத இன்சூரன்ஸ்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தாமிரபரணி. தேக்குக் கதவு உப்பிப்போய் இன்னும் சாத்த வரவில்லை. சுவரில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கிறது (அம்மா வெள்ளையடிக்க விடவில்லை, சேதத்தை மதிப்பிட்ட இன்சூரன்ஸ் சர்வேயர் திரும்ப வந்தால் காட்டணுமாம்).

கேட்டது 4,20,000, வந்தது 1,65,000. வீட்டு மதிப்பைவிடக் குறைவான தொகைக்கு எடுத்தோமாம், அந்த விகிதத்தில் கழித்துவிட்டார்கள். எங்களுடையது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. அதில் அப்படிக் கழிக்கக் கூடாதே!

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் தாண்டிவிட்டது, பதில் இல்லை. அடுத்து, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்தான். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம், சரி. அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சர்வேயர் அறிக்கையின் நகலை எப்படி வாங்கினீர்கள்? கொத்தனார் எழுதிக் கொடுத்த மதிப்பீடு போதுமா, இன்ஜினியர் கையெழுத்து வேண்டுமா?