ரிமாண்டுக்கு ‘மறுவிசாரணை’ போதாது, ‘மீளனுப்பு’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

வரி மேல்முறையீட்டில் வரும் ‘ரிமாண்ட்’டை, அதாவது புதிதாக முடிவெடுக்கச் சொல்லி வழக்கைக் கீழே உள்ள அதிகாரியிடம் திருப்பி அனுப்புவதை, ‘மறுவிசாரணை’ என்றே எழுதிவிடலாம் என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன மாதம் ஒரு மளிகைக் கடைக்காரரிடம், “உங்க கேஸை ரிமாண்ட் பண்ணிட்டாங்க” என்று ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “எத்தனை நாள் உள்ள இருக்கணும்?” என்று கேட்டார். அவருக்குக் கிடைத்ததோ நல்ல உத்தரவு. நோட்டீஸ் அவர் திறந்தே பார்க்காத இணையப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. அதனால் உயர் நீதிமன்றம் வரி ஆணையை ரத்து செய்து, வரியில் 10 சதவீதம் கட்டச் சொல்லி, வழக்கை அந்த ஆணையைப் போட்ட அதிகாரியிடமே திருப்பிவிட்டது. இலங்கையில் காவலுக்கு ‘விளக்கமறியல்’ என்று தனிச்சொல் உண்டு. நம் பக்கம் இரண்டுக்கும் ஒரே ரிமாண்ட்தான்.

சரி, ‘மறுவிசாரணை’ ஏன் பொருந்தாது? அவரை முதல் தடவையே யாரும் விசாரிக்கவில்லையே! டின் பாக்ஸ் கம்பெனி வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: வரியைக் கணக்கிடும் மதிப்பீட்டு அதிகாரி முறையான வாய்ப்புத் தரவில்லை என்றால், மேல்முறையீட்டில் ஆதாரம் காட்டியிருக்கலாமே என்பது அதற்குப் பதிலாகாது, வழக்கு அதிகாரியிடமே போக வேண்டும். ‘மறு’ என்று போட்டால், அந்தக் குறையையே சொல் மூடி மறைத்துவிடுகிறது.

சட்டத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ஜிஎஸ்டி சட்டத்தின் 107(11)ஆம் பிரிவுப்படி, மேல்முறையீட்டு அதிகாரி தேவையானால் மேலும் விசாரிக்கலாம். ஆனால் வழக்கைக் கீழே திருப்பக் கூடாது. ‘மறுவிசாரணைக்கு அதிகாரமில்லை’ என்று எழுதினால், படிப்பவர் அவர் விசாரிக்கவே கூடாது என்று நினைப்பார். ‘மீளனுப்பக் கூடாது’ என்றால் குழப்பமில்லை. அவருக்கு மேலே உள்ள தீர்ப்பாயம் மீளனுப்பலாம் (பிரிவு 113). வருமானவரியில் மேல்முறையீட்டு ஆணையர் 2001இல் இழந்த மீளனுப்பு அதிகாரம், 144ஆம் பிரிவு மதிப்பீடுகளுக்கு (அதிகாரி தன் கணிப்பில் போடுபவை) மட்டும் 2024 அக்டோபரில் திரும்ப வந்தது.

மீளனுப்பினார், மீளனுப்பாணை, முழு மீளனுப்பு, வரம்புற்ற மீளனுப்பு என்று சொல் இழுத்த இழுப்புக்கு வருகிறது. அனுப்பிய பிறகு நடப்பதை வெறுமனே ‘கேட்பு’ என்றால் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ‘ரிமாண்ட் ரிப்போர்ட்’டை ‘மீளனுப்பறிக்கை’ ஆக்கிவிட வேண்டாம். அங்கே மேல்முறையீட்டு ஆணையர் மதிப்பீட்டு அதிகாரியிடம் கருத்துத்தான் கேட்கிறார், வழக்கு ஆணையரிடமேதான் இருக்கிறது. ‘அதிகாரி கருத்தறிக்கை’ என்றால் எனக்குச் சம்மதம்.