சேணப் பரப்பு வரையும்போது எங்கே சறுக்குகிறது?

குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேலேயும் மறுதிசையில் கீழேயும் வளையும் இசட் = எக்ஸ்² − ஒய்² தான் பலரையும் கவிழ்ப்பது. வளைவில் தொடங்காதீர்கள், சதுரத்தில் தொடங்குங்கள். எக்ஸ், ஒய் இரண்டும் −1 முதல் 1 வரை போதும். ஒய் அச்சு கிடையாக, அலகுக்கு 4 செ.மீ.; எக்ஸ் அச்சு இடது கீழ்ப்பக்கம் 45° சாய்வாக, அலகுக்கு 2 செ.மீ. சதுரம் தாளில் இணைகரமாக விழும். நான்கு மூலைகளிலும் இசட் 0, அவற்றை நகர்த்த வேண்டாம். எக்ஸ் = ±1 விளிம்புகளின் நடுப்புள்ளி ஓர் அலகு ஏறும்; ஒய் = ±1 விளிம்புகளில் ஓர் அலகு இறங்கும். மூலை, நடு, மூலை என்று நான்கு பரவளைய வில். இரண்டு மூலைவிட்டங்களும் பரப்பிலேயே கிடக்கும் நேர்க்கோடுகள், ஸ்கேல் வைத்தே போடலாம்.

*

சதுர வழி சரி. ஆனால் இசட்டுக்கும் அலகு 4 செ.மீ. என்றால் முன்பக்க வில் எழும்பி ஆதிப்புள்ளியை மறைத்துவிடும். காட்ட வேண்டியதே அதைத்தானே! இசட் அலகை 1.3 செ.மீ. ஆக்கினால் தெரியும். அதைவிட எளிது, ஒய்² − எக்ஸ்² என்று மாற்றிக்கொள்வது: நம்மை நோக்கி வரும் பக்கம் இறங்கிவிடும், மறைக்க ஒன்றுமில்லை.

விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு பிழை: எக்ஸ்–இசட் தளத்துப் பரவளையத்தை நிமிர்ந்த கிண்ணமாகப் போடுவது. ஆதிப்புள்ளியில் அதன் தொடுகோடு எக்ஸ் அச்சு. அச்சே சாய்ந்திருக்கும்போது வளைவு எப்படி நிமிரும்? எக்ஸ்² − ஒய்² பரப்பில், இசட் அலகு 4 செ.மீ. என்றால், எக்ஸ் = 1 புள்ளி இடப்பக்கம் 1.4, மேலே 2.6 செ.மீ.; எக்ஸ் = −1 வலப்பக்கம் 1.4, மேலே 5.4.

*

கோளத்துக்கு இந்த 45° அச்சுகள் வேண்டாம், விளிம்பு வட்டமாக வராது. மூன்று அச்சுகளையும் 120° இடைவெளியில், ஒரே அலகில் போடுங்கள். கோளத்தின் ஆரம் அச்சுகளின் மேல் 4 செ.மீ. என்றால், தாளில் வெளிவட்டத்தின் ஆரம் 4.9 செ.மீ. அச்சு முனைகள் வட்டத்துக்கு உள்ளேதான் நிற்கும். முனைகளைத் தொட்டு காம்பஸ் சுழற்றினால் கோளத்தின் கிடைமட்ட நடுவட்டத்தின் நீள்வட்டம் (9.8 × 5.7 செ.மீ.) வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

கூம்பிலும் அதே கதைதான். பக்கக் கோடுகளை மேல் நீள்வட்டத்தின் இரு கோடிகளில் கொண்டுபோய் முட்டவிடுகிறார்கள். கீழே இருக்கும் கூர்முனையிலிருந்து தொடுகோடு இழுத்தால் அது கோடிக்குச் சற்றுக் கீழேயே தொட்டுவிடும். நீள்வட்டத்தின் கோடியும் கூராகாமல் உருண்டே இருக்கும்.