சருகூரி: ஒரு கற்பனை உயிரியின் மூச்சு

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டு அலையாத்திக் காட்டின் தரையில், உதிர்ந்த இலைகளுக்கடியில் வாழும் ‘சருகூரி’ என்னும் கற்பனை உயிரியை நண்டினத்திலிருந்து கிளைத்ததாக எழுதி வருகிறேன். செவுள் கொண்ட மூதாதையின் வழிவந்த அது, நீரைவிட்டு விலகியபின் எவ்வாறு மூச்சுவிடும்?

பதில் 1: நிலத்தில் வாழும் தென்னை நண்டைப் பாருங்கள் ஐயா. அதன் செவுளறையின் உட்சுவரில் இரத்தக் குழல்கள் செறிந்து நுரையீரல்போல் ஆகிவிட்டமையால், வளர்ந்த நண்டு கடலில் நெடுநேரம் கிடந்தால் மூழ்கியே இறக்கும். ஆயினும் முட்டைகளைப் பொரிக்கவிட, பெண் நண்டு கடலுக்குத்தான் வரவேண்டும். சருகூரிக்கும் அந்தக் கடல் உறவு அறாமல் இருப்பதே பொருத்தம்.

பதில் 2: சேற்றில் உயிர்வளி குறைவாதலால்தான் வெண்கண்டல் மரம் மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. ஆகவே சருகூரி ஆழத் தோண்டாமல், ஈரச் சருகில் பதுங்கி இரவில் மட்டும் இரை தேடட்டும். நம் இராமநாதபுரத்து வெயிலில் பகலில் உலவினால் கருவாடுதான்!