பொருள்: பூட்லோடருக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். லினக்ஸ் உள்ள கணினியில் அப்புறம் விண்டோஸையும் நிறுவினால், அடுத்த முறை நேராக விண்டோஸே வந்து நிற்கிறது. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைக் காணோம். அதைச் சரிசெய்வது பற்றிய அத்தியாயம் இது. கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல்தான் பூட்லோடர்; அதைத் துவக்க ஏற்றி என்று சொல்லி, "துவக்க ஏற்றி நிறுவுக" என்று தலைப்பு வைத்தேன். வகுப்பில் ஒரு மாணவி, "எதை ஏற்றிவிட்டு எதை நிறுவுவது?" என்று கேட்டாள். அவள் ஏற்றியை வினையெச்சமாகப் படித்திருக்கிறாள். வேறு நல்ல சொல் உண்டா?

-----

> துவக்க ஏற்றி நிறுவுக

மாணவி கேட்டது சரியான கேள்வி. முதலில் "துவக்க"த்தை விடுங்கள். தொடங்கு என்பதே சொல், துவங்கு அதன் திரிபு. துவக்கு என்றால் பழைய வழக்கில் கட்டு, பிணைப்பு. வள்ளுவர் 491ஆம் குறளில் "தொடங்கற்க எவ்வினையும்" என்றுதான் ஆரம்பிக்கிறார். இடம் முழுதும் கண்ட பின்னரே தொடங்கு என்பது அந்தக் குறளின் கருத்து. பூட்லோடரின் வேலையும் அதுதானே? இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் வட்டில் எங்கே இருக்கிறது என்று கண்ட பிறகே அதை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடுகிறது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

ஆகவே தொடக்கேற்றி. தொடக்கு + ஏற்றி, குற்றியலுகரம் கெட்டுப் புணர்கிறது. மண்வெட்டியில் உள்ள அதே இகர விகுதி. சேர்த்து எழுதினால் வினையெச்ச மயக்கம் வராது.

-----

ஐயா, ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி, துடக்கு என்றால் தீட்டு. தொடக்கு என்பதும் காதில் கிட்டத்தட்ட அப்படித்தான் விழும். பூட்லோடர் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

-----

விளங்கும் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டால் இந்தக் குழு எதற்கு?

பூட் என்பது பூட்ஸ்டிராப் என்பதன் சுருக்கம். காலணியின் பின்புறம் பிடித்து இழுக்க உள்ள வார் அது. தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது போலக் கணினி தன்னையே எழுப்பிக்கொள்கிறது. நமக்குக் காலணி தேவையில்லை, பூட்டு என்ற வினையே இருக்கிறது. வண்டி பூட்டினான், ஏர் பூட்டினான், வில்லில் நாண் பூட்டினான். மூன்றிலும் பொருள் ஒன்றுதான்: இயங்க ஆயத்தமாக்குதல். மாட்டைப் பூட்டாமல் வண்டி நகராது. ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. இயக்கப்பூட்டி என்பது என் பரிந்துரை.

-----

அண்ணா, வண்டி பூட்டியது அழகுதான். ஆனால் "இயக்கப்பூட்டி பழுதானது" என்று திரையில் கண்டவர் சாவியைத் தேடுவார், இல்லை கடவுச்சொல்லைத் தேடுவார். கணினி எழாமல் தவிப்பவர் படிக்கப்போகும் பக்கம் இது. அவருக்குப் புரியாத சொல் எவ்வளவு தூயதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பெயரை விட வினையில்தான் எனக்குக் கவலை அதிகம். பூட்லோடரைத் திரும்பக் கொண்டுவருவதை எல்லோரும் "மீட்டல்" என்கிறோம். தொடக்க நிரலை வட்டின் தலைப்பகுதியில் வைக்கும் பழைய எம்பிஆர் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 தான் தொடக்க நிரலுக்கு உரியவை. விண்டோஸின் நிறுவி அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிடும். பழையது அங்கே இல்லை, ஆகவே நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பியில் ஏறி, வட்டில் உள்ள லினக்ஸ் பிரிவை மவுன்ட் செய்து (இணைத்து), லினக்ஸின் பூட்லோடரான கிரப்பை எழுதும் கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ஓட்ட வேண்டும். இது மறுநிறுவல். புதிய முறையான யூஇஎஃப்ஐ உள்ள கணினியில் கதை வேறு. கிரப்பின் கோப்பு பெரும்பாலும் வட்டில் தொடக்கக் கோப்புகளுக்கென்று உள்ள இஎஃப்ஐ பிரிவில் அப்படியே இருக்கும், விண்டோஸ் தன் பெயரைத் தொடக்க வரிசையில் முன்னால் வைத்திருக்கும், அவ்வளவுதான். வரிசையை மாற்றினால் போதும். இரண்டையும் மீட்டல் என்று எழுதினால், தேவையில்லாமல் மறுநிறுவல் செய்யப் போவார்கள்.

-----

> வரிசையை மாற்றினால் போதும்

இதற்கு நன்றி, மூலத்திலேயே இரண்டும் கலந்துதான் கிடந்தது. மறுநிறுவல், வரிசை மாற்றம் என்று பிரித்துவிட்டேன். கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்க உதவும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைந்திருப்பதால், கிரப் திரும்பி வந்தாலும் பட்டியலில் விண்டோஸ் வராமல் போகலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

பெயருக்கு, தொடக்கேற்றி என்று நால்வர் சொன்னதால் அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் "பூட்லோடர் எனப்படும் தொடக்கேற்றி" என்று வரும். நாளை அனுப்ப வேண்டும், மன்னிக்கவும்.

-----

அனுப்புங்கள், தம்பி. ஆனால் என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். "தொடக்கேற்றி நிறுவுக" என்று எழுதினால், சேர்த்து எழுதியும் அந்த மாணவி அதே கேள்வியைத்தான் கேட்பாள். ஒவ்வொரு இடத்திலும் ஐ உருபு போடுங்கள், தொடக்கேற்றியை நிறுவுக என்று. பூட்டி பற்றி அடுத்த வாரம் தனி இழையில் எழுதுகிறேன்.