ஸ்விஃப்ட்ல 14 இன்ச்ல இருந்து 16 இன்ச் அலாய் போலாமா?

மாட்டுத்தாவணி_ஸ்விஃப்ட்:
அண்ணன்களா ஒரு டவுட்டு. 2018 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, கம்பெனி டயர் 165/80 ஆர்14. பட்டன் சுத்தமா தேஞ்சு போச்சு, நாலும் மாத்தணும், மாத்துறதுதான் மாத்துறோம் அலாய் வீலும் போட்டுரலாம்னு கடைக்கு போனா 16 இன்ச் அலாய்ல 205/55 போடுங்க சார் வண்டி அப்படியே உக்காரும்ங்கிறார். வீட்ல ஏற்கனவே கொடைக்கானல் ரோட்டுல தூக்கிப் போடுதுன்னு பேச்சு. மாசம் ஒருதடவை ஃபுல் லோடுல ஊருக்கு போவோம். போட்டா ஏதும் பிரச்சனை வருமா?

கணக்குப்புள்ள:
முதல்ல வெளி விட்டம் பாருங்க தம்பி, அழகு அப்புறம். 165ங்கிறது டயர் அகலம் மிமீல, அதுல 80 சதவீதம் 132 மிமீ, அது சைடு உயரம். மேல ஒண்ணு கீழ ஒண்ணு 264, அதோட 14 இன்ச் ரிம் 355.6 சேத்தா கிட்டத்தட்ட 620 மிமீ. அவர் சொல்ற 205/55 ஆர்16 632 வருது, ரெண்டு சதவீதம் பெருசு. மீட்டர்ல 100 காட்டும்போது முன்னைவிட ரெண்டு கிமீ கூட ஓடிட்டு இருப்பீங்க, கிலோமீட்டரும் கம்மியா ஏறும், மைலேஜ் விழுந்துருச்சுன்னு சும்மா கவலைப்படுவீங்க. டயர் கனமானா நிஜமாவே கொஞ்சம் விழவும் செய்யும். 16தான் வேணும்னா 195/55 621 வருது. ஆனா உங்க வண்டியோட இசட்எக்ஸ்ஐக்கு கம்பெனியே 185/65 ஆர்15தான் குடுத்துச்சு, 621.5. அதை விட்டுட்டு ஏன் சுத்துறீங்க?

அலாய்_அடிபட்டவன்:
கடைக்காரர் ஆஃப்செட் (ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து வண்டியில மாட்டுற முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது) பத்தி பேசினாரா? பேசிருக்க மாட்டார். நான் 5ஜே, அதாவது 5 இன்ச் அகல ரிம்மை கழட்டிட்டு 7ஜே போட்டேன், அகலம் ரெண்டு இன்ச் கூடுனதுல பாதி உள்ள பாதி வெளிய, ஆஃப்செட்டும் கம்மி, அதனால இன்னும் வெளிய தள்ளிருச்சு. தனியா ஓட்டும்போது ஒண்ணும் தெரியல. பின்னாடி மூணு பேரு, டிக்கில அரிசி மூட்டை, ஸ்பீடு பிரேக்கர்ல இறங்குனதும் கர்ர்ர்னு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா மட்கார்டு ஓரம் பெயின்ட் போயி தகரம் பளபளன்னு தெரியுது, டயர் தோள்ல கத்தியால கீறுன மாதிரி வட்டமா ஒரு கோடு. நாலு மாசத்துல வித்துட்டேன். நீங்க எதை மாட்டுனாலும் கடையை விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி நாலு பேரை உள்ள உக்கார வச்சு ரெண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு பாத்துருங்க.

பஞ்சர்கடை_பாண்டி:
அண்ணே சொன்னது கரெக்ட். இன்னொண்ணு, ஸ்விஃப்ட்டுக்கு நாலு போல்ட், 100 பிசிடி (போல்ட் நிக்கிற வட்டத்தோட விட்டம், மிமீல), நடு ஓட்டை 54.1 மிமீ. வெளில விக்கிற அலாய் பல வண்டிக்கும் ஆகணும்னு ஓட்டையை பெருசா விட்டிருப்பான், நடுவுல அந்த இடைவெளியை அடைக்கிற ஹப் ரிங் கேட்டு வாங்கி போடுங்க, இல்லன்னா நட்டு மட்டும்தான் வீலை நடுவுல நிறுத்தணும், கொஞ்சம் விலகுனாலும் 80க்கு மேல ஸ்டியரிங் உதறும், நாங்க பேலன்சிங் பண்ணி பண்ணி ஓஞ்சுருவோம். லோடு நம்பரும் (டயர் எவ்வளவு எடை தாங்கும்ங்கிற குறியீடு) பாருங்க, உங்களுது 85, அதுக்கு கீழ வேணாம். தூக்கிப் போடுதுங்கிறவங்களுக்கு 16 சுத்தமா ஆகாது. 132 மிமீ ரப்பர் இருந்த இடத்துல 195/55னா 107தான் இருக்கும், பள்ளத்துல விட்டா ரிம் வாய் நெளிஞ்சு வரும், வாரத்துக்கு ரெண்டாவது தட்டி எடுக்குறேன். வளைவுல ஆடாம நிக்கும், அது நெசம்.

மாட்டுத்தாவணி_ஸ்விஃப்ட்:
நன்றிண்ணே, 15லயே 185/65 போட்டுக்கறேன். ஸ்டெப்னி பழைய 14 அப்படியே கெடக்கட்டுமா?

கணக்குப்புள்ள:
கெடக்கட்டும், விட்டம் ரெண்டு மிமீதான் வித்தியாசம், அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா போலாம். பழைய நட்டை மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க, அலாயோட வர்ற நட்டு ஸ்டீல் ரிம்ல உக்காருதான்னு கடையிலயே ஒருதடவை மாட்டிப் பாத்துட்டு வாங்க.