முதியோர் இல்லத்தில் அழைப்பு மணி, அலாரம், வீடியோ கால்: நீங்கள் கண்டது என்ன?

கோவை பொறியாளர்:
எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அழைப்பு மணி பொருத்தினோம். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டன். அமுக்கினால் நர்ஸ் மேசையில் சத்தம் வரும். ஒரு பாட்டி மட்டும் அதை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கும். ஒண்ணுக்குப் போறதுக்கெல்லாம் எழுப்புவாங்களா கண்ணு?" என்றார்.

பட்டனைப் பெரிதாக்கலாம் என்றார்கள் எங்கள் ஆட்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் அவர் அமுக்கப் போவதில்லை. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றே வாழ்நாளெல்லாம் இருந்தவர். அதனால் கட்டிலுக்கு அடியில் அசைவை உணரும் சென்சார் வைத்தோம். காலைக் கீழே வைத்ததும் கழிப்பறை வரை தரையோரம் விளக்கு எரியும். குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்து படுக்காவிட்டால் மட்டும் நர்ஸுக்குத் தகவல் போகும். எவ்வளவு நேரம் என்பதைப் பாட்டியே சொன்னார். "இது படம் புடிக்குமா?" என்றும் கேட்டார். சென்சாரைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். கேமரா கிடையாது, உடம்புச் சூடு நகர்வது மட்டும்தான் இதற்குத் தெரியும் என்றேன். அந்த வெள்ளை மூடியைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்த பிறகுதான் சரி என்றார்.

இரவுப்பணி நர்ஸ்:
சத்தத்தைப் பற்றியும் பேச வேண்டும். வயதானால் முதலில் குறைவது கீச்சென்ற ஒலியைக் கேட்கும் திறன். வழக்கமான புகை அலாரம் 3000 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் கத்துகிறது. எங்கள் மாடியில் பலருக்கு அது காதிலேயே விழாது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 என்ற தீ எச்சரிக்கை விதித்தொகுப்பு, தூங்கும் அறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் கனத்த ஒலி வேண்டும் என்கிறது. நான் வேலை பார்த்த எந்த இல்லத்திலும் அப்படிப் பார்த்து வாங்கவில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

சிங்கப்பூர் மகள்:
என் அம்மா ஊரில் ஓர் இல்லத்தில் இருக்கிறார். வீடியோ கால் போட்டால் அவரால் எடுக்க முடிவதில்லை. தோல் வறண்ட விரலைத் தொடுதிரை சரியாக உணர்வதில்லை, நடுக்கம் வேறு. ஆயாம்மா ஈரத்துணியால் விரலை ஒற்றிவிட்டால் எடுக்கிறது. போனே தானாக எடுக்கிற மாதிரி வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "நான் புடவை மாத்திட்டிருக்கறப்ப நீ வந்து நின்னா?" என்றார். பக்கத்துக் கட்டிலில் இன்னோர் அம்மாவும் இருக்கிறார். அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். பழைய லேண்ட்லைன் மாதிரி ரிசீவரைத் தூக்கினால் படம் வர வேண்டும், வைத்தால் போய்விட வேண்டும். அப்படி யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? பொறியாளர் சார், உங்களால் முடியுமா?